கோவையில் மரபியல் ஆலோசனை: தலசீமியா காரியர் தம்பதியாகப் போய் வந்த அனுபவம்

பவானியில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்த அத்தை மகன், அப்பாவுடைய அக்காவின் மூத்த பையன். போன வருடம் கோவையில் ஒரு மருத்துவமனையின் மரபியல் ஆலோசனைப் பிரிவுக்கு மூன்று முறை போய் வந்தோம். போவதற்கு முந்தைய ராத்திரி, இப்படிப் போனவர்கள் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

பிளஸ் டூ படித்த காலத்திலிருந்தே எனக்கு ரத்தம் கம்மி. எங்கே காட்டினாலும் இரும்புச்சத்து மாத்திரைதான். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் எல்லாம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டி ஏறாது. மாத்திரையால் வயிறு கட்டிக்கொள்ளும், அதை யாரிடமும் சொல்லவும் கூச்சம். ஒன்பது வருடம் இப்படியே போனது. உண்டான எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் முதன்முதலாக ஹீமோகுளோபினுக்குக் கீழே இருந்த வரிகளையும் படித்தார். ஹீமோகுளோபின் 10.1. சிவப்பணுக்களோ 52 லட்சம், அது குறைச்சலே இல்லை. ஆனால் ஒவ்வொரு அணுவின் அளவும், எம்சிவி என்று போட்டிருக்கும் இடத்தில், 63 மட்டும். 80க்கு மேல் இருக்க வேண்டியது. "அணு நிறைய இருக்கு, ஆனா எல்லாம் சின்னச் சின்னதா இருக்கு. இரும்புச்சத்து இல்லாம வர்ற சோகை மாதிரி தெரியலம்மா" என்றார்.

ஃபெரிட்டின் பார்த்தால் உடம்பில் இரும்பு வேண்டிய அளவுக்கு இருந்தது. அடுத்து எச்பிஎல்சி என்ற பரிசோதனை. ஹீமோகுளோபினில் எந்தெந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும். ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 5.3. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரருக்கும் எடுத்தோம். அவருக்கு 5.6. இருவருக்குமே தலசீமியா மைனர். தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு; மைனர் என்றால் பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர், அவரைத்தான் காரியர் என்கிறார்கள். மருத்துவர் அன்றைக்கே கோவைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் காத்திருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், உள்ளே கூப்பிட்டபோது மணி 12:40. மசக்கையில் இருந்தவளுக்கு அது பெரிய பாடு. அந்தப் பிரிவு செவ்வாய், வெள்ளி மட்டும்தான் இயங்குகிறது, கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடிக்காதது அந்த அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. எங்களுக்கு முன்னால் போன குடும்பத்தின் அழுகையும் பேச்சும் வெளி பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஒரு குடும்பத்தின் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிற அறைக்குக் கதவும் சுவரும் அவசியம் வேண்டும்.

ஆனால் உள்ளே உட்கார்ந்த பிறகு நடந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

கூட வந்த அத்தையை வெளியே இருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தேன். ஆலோசகர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், "அவங்களும் வரட்டும். அவங்க இல்லாம இதை வரைய முடியாது" என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மைனர் இருந்தால் அதில் பாதியை நிரப்ப வேண்டும். வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைக் கோடு போடாமல் இரட்டைக் கோடு போட்டார். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அப்படித்தான் போடுவார்களாம். எனக்கு மேலே அப்பா, அவருக்கு மேலே அத்தை. இரண்டு கோடும் ஏறிப்போய் ஒரே ஜோடியில் முட்டி நின்றன: எங்கள் அப்பாருவும் அப்பத்தாவும். அப்பாரு தன் அக்கா மகளைத்தான் கட்டியிருந்தார். ஆகவே அங்கேயும் இரட்டைக் கோடு.

கார் ஏறும்போது அத்தை என்னிடம், "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கேள்விப்பட்டதில்ல கண்ணு" என்று சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் வந்த வார்த்தை. இருந்தாலும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது தாளைப் பார்த்தால் அவர் வம்சமும் என் அப்பா வம்சமும் ஒன்றேதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோடுகளே காட்டின.

"உங்கம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று ஆலோசகர் கேட்டார். "மூணு" என்றார் அத்தை. "தவறிப்போனவங்களையும் சேர்த்து?" அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அஞ்சுங்க" என்றார். எனக்கும் அப்போதுதான் தெரியும். இரண்டு பையன்கள். ஒருவன் ஒன்றரை வயதில், இன்னொருவன் மூன்று வயதில். பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்தார்களாம். ஒரு வயது நெருங்க நெருங்க வெளுத்துப்போய், வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்ததாம். ஊரில் கட்டி என்றார்கள், மந்திரித்தார்கள், சூடுகூடப் போட்டார்கள். சின்னவனைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததாக அத்தை சொன்னார். ஆலோசகர் அப்பாவுக்கும் அத்தைக்கும் பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள் வரைந்து, அவற்றின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "இதுதான் அதுன்னு இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம்."

காரணத்தையும் சொன்னார். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்து ஆறு மாதத்துக்குள் பெரியவர்களுடைய வகை அதன் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஆல்ஃபா இழை இரண்டு, பீட்டா இழை இரண்டு சேர வேண்டும். ஆல்ஃபாவுக்கான மரபணு 16ஆவது குரோமோசோமில், பீட்டாவுக்கானது 11ஆவதில். குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் பீட்டா மரபணு எல்லோருக்கும் இரண்டு உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது ஈடுகட்டிவிடும், அணு சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். அதுதான் மைனர், அது நோய் இல்லை. இரண்டும் பழுதானால் மேஜர். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் சோகை தெரியும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனியாக மருந்து. என் ஒன்பது வருட மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, மைனர் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் குறைந்தால் மட்டும்தான் இரும்பு தேவை என்றார். அப்பா அம்மா இருவருக்கும் மைனர் என்றால் பிள்ளைக்கு மேஜர் வர நாலில் ஒரு வாய்ப்பு என்றும் சொன்னார்.

அத்தை அப்போது கேட்ட கேள்விதான் பல வீடுகளில் கேட்கிற கேள்வி என்று நினைக்கிறேன். "நாலுல ஒண்ணுன்னு சொல்றீங்க. மொதக் கொழந்தைக்கு வந்துட்டா அடுத்த மூணும் தப்பிச்சுக்குமுங்களா?"

ஆலோசகர் மேசை இழுப்பறையிலிருந்து சட்டைப் பொத்தான்கள் எடுத்தார். வெள்ளை நல்ல மரபணு, சிவப்பு பழுதானது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று என் கையில் இரண்டு, வீட்டுக்காரர் கையில் இரண்டு. அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, எங்கள் கையிலிருந்து ஒவ்வொன்று எடுக்கச் சொன்னார். எடுத்ததை எழுதிக்கொண்டு திரும்பக் கையிலேயே போட்டார். எட்டு முறை. முதல் முறை வெள்ளையும் சிவப்பும். இரண்டாவது இரண்டுமே சிவப்பு. மூன்றாவதும் இரண்டுமே சிவப்பு. அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. "பார்த்தீங்களாம்மா, போன தடவை என்ன வந்துச்சுன்னு பொத்தானுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான்" என்றார். ஒவ்வொரு பிரசவத்துக்கும் 25 சதவீதம் மேஜர், 50 சதவீதம் மைனர், 25 சதவீதம் எதுவும் இல்லை. இதை நான் பத்தாம் வகுப்பில் பட்டாணிச் செடி வைத்துப் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அத்தையின் விரலில் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

நாங்கள் சொந்தத்தில் கட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இந்தியாவில் 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்த மைனர் இருக்கிறது, அந்நியத்தில் கட்டினாலும் இரண்டு காரியர்கள் சந்திக்கலாம், சொந்தத்தில் ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் என்றார். அத்தை மகன், மாமன் மகன் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்குமாம். வெளி பெஞ்சில் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது, அவர்களுக்கு அரிவாள் செல் சோகை. அதுவும் இதே 11ஆவது குரோமோசோமில், இதே பீட்டா மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பதை 1952லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். மலேரியா அதிகம் இருந்த ஊர்களில் ஒரு பழுது உள்ளவர்கள் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததால்தான் இவை தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டன என்று கேட்டபோது, அப்பத்தாவை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கட்டம் வேகமாக நடந்தது. முதலில் எங்கள் இருவரின் ரத்தத்திலும் பழுது எந்த இடத்தில் என்று பார்த்தார்கள். அது தெரியாமல் குழந்தைக்குப் பார்க்க முடியாது. இருவருக்கும் ஒரே பழுதுதான், ஐவிஎஸ் 1-5. இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் அதுவே. 12ஆவது வாரத்தில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி விட்டு நச்சுக்கொடியிலிருந்து துளி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலியைவிட இறுக்கிப் பிடித்த மாதிரிதான் இருந்தது. இதனால் கரு கலைய வாய்ப்பு 100க்கு ஒன்றுக்கும் குறைவு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவம், ஜி படிவம் என்பார்கள், தமிழிலேயே இருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மேஜர் என்று வந்தால் என்ன செய்யலாம், சட்டம் எத்தனை வாரம் வரை இடம் கொடுக்கிறது, பெற்று வளர்ப்பதென்றால் சிகிச்சை எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் விளக்கினார்கள். எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

பிறகு ஒன்பது நாள் காத்திருப்பு. இங்கே எனக்கு வருத்தம் உண்டு. ஏழு நாளில் சொல்வதாகத்தான் சொன்னார்கள். எட்டாம் நாள் முழுக்கக் கொடுத்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. அந்த நாளில் நான் கடையில் ஒரே பில்லை மூன்று முறை கூட்டி மூன்று விதமாக எழுதினேன். தாமதமாகும் என்று ஒரு வரி செய்தி அனுப்பியிருக்கலாம். முடிவு முழுக்க ஆங்கிலத்தில் வந்தது, அதுவும் குறிகளாக. ஆலோசகர் போனில் சொன்ன பிறகுதான் விளங்கியது: ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. என் குழந்தையும் என்னைப் போல மைனர். இப்போது ஏழு மாதம், கவிழ்ந்து தவழப் பார்க்கிறாள்.

செலவு: ஆலோசனைக்கு 1,200 ரூபாய், எச்பிஎல்சி ஒருவருக்கு 900. மரபணுப் பரிசோதனையும் நச்சுக்கொடிப் பரிசோதனையும் சேர்த்து 30,000 சொச்சம் ஆனது, அதற்கு நகை வைத்தோம். கல்யாணத்துக்கு முன்பே அந்த 900 ரூபாய்ப் பரிசோதனையை எடுத்திருந்தால் இவ்வளவு அவசரம் இருந்திருக்காது. போகிறவர்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் எடுத்துப்போங்கள். கூடவே வீட்டில் பழைய கதை தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிப்போங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அறைக்கும் போனுக்கும்.

அத்தை அந்த வரைபடத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய சின்ன மகனுக்கும் என் சித்தப்பா மகளுக்கும் பேசி முடித்திருந்த நேரம் அது. தாளில் அந்த இருவருக்கும் நடுவில் ஆலோசகர் கோடு போடவில்லை. ஊருக்கு வந்த மறுவாரம் அத்தையே இருவரையும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தார். கொழுந்தனாருக்கு ஏ2 5.1. தங்கச்சிக்கு 2.6, எம்சிவியும் சரியாக இருந்தது. ஒருவருக்கு மட்டும் மைனர் என்றால் பிள்ளைகளுக்கு மேஜர் வராது என்று ஆலோசகர் போனிலேயே உறுதி சொன்னார். அன்று சாயங்காலம் அத்தை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து, தன் சின்ன மகனின் சதுரத்தில் பாதியைப் பால் பாயின்ட் பேனாவால் நிரப்பினார். தங்கச்சியின் வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்தார்.