யாழ்ப்பாணமா, மன்னாரா: வன்னியிலிருந்து ஒரு நாள் கட்டடக்கலைச் சுற்றுலா

உயர்தர வகுப்பு வரலாற்று மாணவர்களையோ, சனசமூக நிலையத்தாரையோ, விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் உறவினரையோ பழைய கட்டடங்களைக் காட்டுவதற்காக ஒரு நாள் அழைத்துச் செல்ல வேண்டும் என்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒருவர் நினைத்தால், பேச்சு பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் தொடங்கி யாழ்ப்பாணத்திலேயே முடிந்துவிடும். மன்னார் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும், திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் நேர்த்தி வைத்துப் போகிறவர்கள்கூட அங்கே கட்டடம் பார்க்கவென்று போவது குறைவு. இந்த வழக்கம் சரிதானா என்பதை, வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலா என்ற ஒரே அளவுகோலை வைத்து இங்கே பார்க்கலாம். ஊர் பார்த்துவிட்டு வருவது வேறு, ஒருவருக்குப் பணம் கொடுத்து ஒரு சுவரின் முன்னால் நின்று அவர் சொல்வதைக் கேட்பது வேறு. இரண்டாவதற்கு எந்த ஊர் கூடுதலான பயன் தரும் என்பதே கேள்வி.

யாழ்ப்பாணத்தின் பெரும் பலம் அதன் நெருக்கம். கோட்டை, பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம் மூன்றும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பதால், வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஒரு காலைப்பொழுதிலேயே மூன்று வெவ்வேறு காலங்களைப் பார்த்துவிட முடிகிறது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் சதுரக் கோட்டையை ஒல்லாந்தர் 1658 இல் பிடித்து, பின்னர் அதை ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். வெளி அரண்கள் முழுமையடைந்தது 1792 இல். இவ்வளவு காலம் செலவழித்துக் கட்டி முடித்த கோட்டை மூன்றே ஆண்டுகளில், 1795 இல், பிரித்தானியர் கைக்குப் போனது. இந்த வேடிக்கையைச் சொல்லாத வழிகாட்டி அனேகமாக இல்லை. ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கி எழுப்பிய மதில் பீரங்கிக் குண்டை எப்படித் தாங்கும், ஐங்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் கொத்தளம் துருத்திக்கொண்டு நிற்பதால் எந்தப் பக்கச் சுவரை எங்கிருந்து காக்க முடியும் என்பவற்றை மதிலின் மேல் ஏறி நின்று விளக்கத் தெரிந்தவரே கட்டடக்கலைச் சுற்றுலாவுக்குரிய வழிகாட்டி. ஆண்டுகளையும் தளபதிகளின் பெயர்களையும் மட்டும் ஒப்புவிப்பதற்கு அறிவிப்புப் பலகையே போதும்.

கோட்டைக்குள் இன்னொரு சோதனையும் உண்டு. 1706 இல் சமபக்கச் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்து, இன்று அதன் இடத்தில் இடிபாடே எஞ்சியிருக்கிறது. அந்தக் கற்குவியலின் முன் நின்று அங்கே இருந்த கட்டடத்தைக் கேட்பவர் மனத்தில் எழுப்பிக் காட்ட ஒருவரால் முடியுமானால், அவருக்குக் கேட்ட பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். இக்கோட்டையிலிருந்து சோழர் காலக் கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்திருப்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். கோட்டைக்கு முன்பே நின்ற கட்டடங்களின் கற்கள் கோட்டைக்குள் போன கதை அதிலிருந்தே தொடங்குகிறது.

நூலகத்தின் நிலை வேறு. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில், திராவிடக் கட்டடக்கலைக் கூறுகளுடன் எழுந்து 1959 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், 1981 இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பின் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. தமிழர் எவருக்கும் அந்த எரிப்பைப் பற்றி வழிகாட்டி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே அங்கே குழுவைக் கூட்டி வைத்து நீண்ட உரை நிகழ்த்துவது எனக்கு உவப்பானதல்ல. அது வாசகர்கள் இருந்து படிக்கிற இடமும்கூட. வெளியே நின்று குவிமாடத்தையும் முகப்பையும் பார்த்துவிட்டு நகர்வதே முறை. 1875 இல் வேல்ஸ் இளவரசரின் இலங்கை வருகையின் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்று கிலோமீற்றர் அளவு தள்ளியிருக்கும் நல்லூரில்தான் யாழ்ப்பாணச் சுற்றுலாவின் தரம் உண்மையில் தெரியவரும். கந்தசுவாமி கோயிலின் இன்றைய இருப்பிடம் 1734 இல் ஒல்லாந்தர் காலத்தில் அமைந்தது. அரசிருக்கையாக இருந்த ஊரின் எச்சங்களாகச் சங்கிலியன் தோரண வாசல், மந்திரிமனை, யமுனா ஏரி ஆகியவற்றைக் காட்டுகிறார்கள். இவற்றில் எது உண்மையில் அரசர் காலத்தது, எது பிற்காலத்தில் அதே இடத்தில் கட்டப்பட்டது என்று பிரித்துச் சொல்வதற்குப் பலர் தயங்குகிறார்கள். எல்லாவற்றையும் சங்கிலி மன்னனின் கணக்கிலேயே எழுதிவிடுவது கேட்பவருக்கு இனிமையாக இருக்கலாம், ஆனால் மந்திரிமனையின் மர வேலைப்பாட்டையும் வளைவுகளையும் பார்க்கிற மாணவன் பின்னர் குழம்பிப்போவான். யாழ்ப்பாணச் சுற்றுலாக்களில் எனக்குள்ள பெரிய குறை மற்றொன்று: கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவே நிற்கும் வீடுகளை ஒருவரும் காட்டுவதில்லை. நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த நாற்சார் வீட்டின் நடு முற்றத்தையும், வாயிலில் வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென்று கூரை வேய்ந்த சங்கடப்படலையையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணக் கட்டடக்கலையைப் பேசுவது எப்படி? நேரம் இருந்தால் பருத்தித்துறைத் தெருமூடி மடத்தையும் சேர்க்கும்படி முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. தெருவின் மேலேயே கல்லால் மூடிக் கட்டப்பட்ட அந்த மடம் ஒன்றுக்காகவே வடமராட்சி வரை போகலாம்.

மன்னாரில் இதற்கு நேர்மாறான நிலை. பார்க்கவேண்டியவை சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை இடிந்தும் கிடக்கின்றன. பெருநிலத்திலிருந்து தீவுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் மன்னார்க் கோட்டை 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1696 இல் திருத்திக் கட்டினார்கள். நான்கு கொத்தளங்களும் அகழியும் கொண்ட சதுரக் கோட்டை என்பதால், முதல் வாரம் இதைப் பார்த்தவர் அடுத்த வாரம் யாழ்ப்பாணத்து ஐங்கோணத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லாமலே உணர்வார். ஆனால் உள்ளே நிற்பவை கூரையற்ற சுவர்கள். துணைக்கு ஆளில்லாமல் போகிறவர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார்.

அரிப்பில் இது இன்னும் தெளிவு. அருவியாறு கடலில் கலக்கும் பகுதியில் இருக்கும் அந்தச் சிற்றூரில் சிறிய கோட்டை ஒன்றும், அதற்கு அப்பால் கடலோர மேட்டில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 இற்கும் 1804 இற்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் எச்சமும் இருக்கின்றன. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் 1679 இல் தப்பி வந்து சேர்ந்தது அந்தச் சிறு கோட்டைக்குத்தான். நோர்த்தின் மாளிகையோ கிரேக்கத்து டோரிக் தூண்களின் பாணியில், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தது. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் ஆளுநர் வந்து தங்கி மேற்பார்வை செய்வதற்கென்று கட்டப்பட்ட அந்த மாளிகையின் நிலத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஊரவர் பலர் அந்த மாளிகையை, வாய்மொழிக் கதைகளில் வரும் அல்லி என்ற அரசியின் பெயரால், அல்லிராணி கோட்டை என்று சொல்வதுண்டு. நல்ல வழிகாட்டி அல்லிராணி கதையை முதலில் சுவையாகச் சொல்லி முடித்துவிட்டு, பிறகு தூணின் அடியில் செங்கல்லைக் காட்டி, நோர்த்தையும் முத்து வருமானத்தையும் எடுப்பார். கதை மட்டும் சொல்பவரும் இருக்கிறார், கதையைக் கேலி செய்பவரும் இருக்கிறார். இருவரையும் தவிர்க்கலாம்.

திருக்கேதீச்சரத்தில் கட்டடம் புதியது, இடமோ மிகப் பழையது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்து, கருங்கல் திருப்பணிக்குப் பின் 2022 இல் குடமுழுக்குக் கண்டது. அதைச் சூழ்ந்த மாந்தைப் பட்டினத்தில் 1980 களில் நடந்த அகழாய்வுகளில் சீனத்துப் பாண்டங்களின் துண்டுகளும் மேற்காசியப் பாண்டங்களின் துண்டுகளும் கிடைத்தன. கண்ணுக்குத் தெரிவது மேடும் பாலாவித் தீர்த்தமும்தான். நிலத்தடியில் இருப்பது ஒரு துறைமுக நகரம். இங்கே வழிகாட்டி இல்லாமல் போனால் அது கோயில் தரிசனமாக முடியும். அதிலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் கட்டடக்கலைச் சுற்றுலாவாக அது ஆகாது. பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பழைய பெருக்கமரத்தை (பெயோபாப்) எல்லோரும் பயணத்தில் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

யாரை அமர்த்துவது என்பதிலும் இரண்டு ஊர்களும் ஒன்றல்ல. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை நாடளாவிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, குறித்த இடத்துக்கான வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று தனித்தனியாக அனுமதி வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இத்தகையவர்களைத் தேடிப் பிடிப்பது எளிது. ஆயினும் அவர்களுள் பலரின் பேச்சு வெளிநாட்டவருக்காகவும் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்காகவும் பழகிய பேச்சு. தமிழ்க் குழுவின் முன் நிற்கும்போது, அறிந்த கதைதானே என்று பாதியை விழுங்கிவிடுவார்கள். ஓட்டோச் சாரதியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது வயோதிபருடன் செல்பவர்களுக்கு வசதி, நல்லூர் வரை வெய்யிலில் நடக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவர் காட்டுவது வாசல்களை மட்டும்தான். மன்னாரில் தொழில்முறை வழிகாட்டிகள் அரிது என்பதால், அப்பகுதிப் பாடசாலை ஒன்றின் வரலாற்று ஆசிரியரையோ, ஊர் வரலாற்றில் ஈடுபாடுள்ள ஓய்வுபெற்ற உத்தியோகத்தரையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு, உரிய மரியாதைப் பணத்தையும் பேசிவைத்து அழைத்துச் செல்வதே நடைமுறைக்கு ஏற்றது. கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லும் பொறுமை இவர்களிடமே கூடுதலாக இருக்கிறது.

செலவில் வாகனமே பெரும் பங்கை விழுங்கும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான், பஸ்ஸிலேயே போய்வரலாம். வவுனியாவிலிருந்து மன்னார் நகருக்கும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் என்றாலும், அரிப்பையும் திருக்கேதீச்சரத்தையும் ஒரே நாளில் பார்ப்பதற்கு வான் பிடிக்காமல் முடியாது. கிளிநொச்சிப் பக்கத்தார் வான் பிடிப்பதானால் பூநகரி வழியாக ஏ32 வீதியால் மன்னாருக்கு இறங்குவது நல்ல யோசனை. ஒல்லாந்தர் 1770 இல் விரிவாக்கிய, எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்களைக் கொண்ட பூநகரிக் கோட்டை போகும் வழியில் கிடைக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டை, மன்னார்க் கோட்டை ஆகியவற்றின் அளவோடு ஒப்பிட்டால் இது ஒரு காவல் நிலையம் போன்றதே. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலான வாசலைக் காப்பதற்கு அவ்வளவே போதுமென்று ஒல்லாந்தர் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

என் தெரிவு மன்னார். யாழ்ப்பாணத்தில் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போகும் குழு, கோட்டைக்குள் மட்டும் ஒருவரை அமர்த்திக்கொண்டு மீதியைத் தானே நடந்து பார்த்துக்கொள்ளலாம். மன்னாரில் பாதிக் கட்டடம் வழிகாட்டியின் வாயில்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் அங்கே வேலை செய்கிறது. முதியவர்களோ சிறு பிள்ளைகளோ கூடுதலாக உள்ள குழுவானால் இந்தத் தீர்ப்பு மாறும். நிழலும் சாப்பாட்டுக் கடையும் கழிப்பிடமும் அரிப்புக் கடற்கரையில் எதிர்பார்க்க முடியாது என்பதால், அவர்களுக்கு யாழ்ப்பாணமே உகந்தது.

நாள் குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட வேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் கோயில் வீதிகளில் வாகனம் போகாது, கட்டடத்தைப் பற்றி யாரும் யாருக்கும் விளக்கவும் முடியாது. ஓகஸ்ட் 15 ஐ ஒட்டிய நாட்களில் மடுத் திருவிழாச் சனத்தால் மன்னார் வீதி நெரிசலாக இருக்கும். தையின் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரையிலான ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்து, காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, வெய்யில் ஏறுமுன் அரிப்பை முதலில் முடித்துக்கொண்டு, திருக்கேதீச்சரத்துக்கு மதியப் பூசை முடிந்து நடை சாத்துவதற்குள் போய்ச் சேரும்படி வான்காரரிடமும் வழிகாட்டியிடமும் ஒரே நேரத்தில் பேசிவைப்பது அவசியம்.