மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்செடின்: இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்த மன்னார்குடிக்காரனின் அனுபவம்

பட்டுக்கோட்டை நண்பன் ஒருவன் கேட்டான். மகள் சென்னையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு) என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார், "நீதான் ரெண்டையும் சாப்பிட்டவனாச்சே, எதுடா தேவலை?" வாட்ஸாப்பில் பதில் எழுத ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். ஏடிஎச்டி என்றால் என்ன, குழந்தைகளுக்கு மட்டும் வருவதா, செல்போனால் வருவதா என்ற பஞ்சாயத்துக்குள் போகவில்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது டாக்டர் வேலை. நான் சொல்வது சாப்பிட்டவன் கதை.

என் தொழில் பத்திரம் எழுதுவது. சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, தாத்தா காலத்துப் பத்திரத்தில் மா, குழி என்று இருப்பதை ஏக்கர், சென்ட் ஆக்குவது (ஒரு மா என்றால் ஏறக்குறைய 33 சென்ட்), வடக்கே யாருடைய வாய்க்கால், தெற்கே யாருடைய நஞ்சை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. ஒரு எண் தவறினால் பிழைத்திருத்தல் பத்திரம், அதற்கு இரண்டு தரப்பையும் மறுபடி கூட்டிவர வேண்டும். இந்த மண்டையை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள், அப்பா செய்த தொழில்.

எனக்கு முதலில் கொடுத்தது அடோமாக்செடின். 40-ல் தொடங்கி 80-க்குப் போனது. ஊக்கி (ஸ்டிமுலன்ட்) வகை இல்லை, அதனால் பழக்கமாகிவிடுமோ என்ற பயம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. ஆனால் பொறுமை வேண்டும், பொறுமையே இல்லாதவனுக்குத் தரும் மருந்துக்கு இது பெரிய நிபந்தனை. முழுப்பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அதுவரை குமட்டல், வாய் வறட்சி, வியர்வை. வெறும் வயிற்றில் போட்டால் பஸ்ஸில் ஏற முடியாது, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தேவலை. சிறுநீர் வரச் சற்று நேரம் பிடிக்கும், இதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பலன் வந்தபோதும் வந்தது எனக்குத் தெரியவில்லை. "இப்பல்லாம் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நிக்கிறீங்க" என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. மங்கலான, சீரான, நாள் முழுக்க இருக்கும் பலன். குறையென்று சொல்லப்போனால், அந்தப் பலன் ரொம்பக் கம்மி.

அப்புறம் மெத்தில்ஃபெனிடேட். இதுதான் ஊக்கி வகை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கண்ணில் வெளிச்சம் அடிக்கும், மூளை பறக்கும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. பாகப்பிரிவினை எழுத வந்த ஒரு பெரியவர், வழக்கம்போல் 1960-களில் அவருடைய சித்தப்பா குத்தகைக்கு விட்ட கதையிலிருந்து ஆரம்பித்தார், அந்தக் கதை முழுவதையும் நான் உட்கார்ந்து கேட்டேன், கேட்டது மட்டுமில்லை, நடுவில் அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாய்மொழிப் பரிமாற்றம்தான் அந்தச் சொத்தின் முடிச்சே என்று பிடித்துக் கேள்வியும் கேட்டேன். எத்தனையோ வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன், கட்சிக்காரர் பேச்சில் இவ்வளவு சுவாரசியம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை வேகமாகும் என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன். வேகம் பெரிதாகக் கூடவில்லை, காதுதான் கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே இந்த மாத்திரைக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

உடனே கரையும் மாத்திரை நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை ஆபீஸ் நேரத்தைத் தாண்டி வரும், எனக்கு அதுதான் ஒத்துவந்தது. மருந்து இறங்கும் சாயங்காலத்தில் எரிச்சல் வரும், அந்த நேரத்தில் என்னிடம் கடன் கேட்காதீர்கள். மதியம் பசியே இருக்காது. டெல்டாவில் ஒருவன் மதியம் சோறு வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. வத்தக்குழம்பையும் சுட்ட அப்பளத்தையும் வைத்துக்கொண்டு அம்மா, "ஏன்டா தம்பி, வெளியில எங்கயாவது சாப்ட்டு வந்தியா?" என்று ஒரு மாதம் சந்தேகமாகவே பார்த்தார். காலையில் கனமாகச் சாப்பிட்டு, இரவு மறுபடி சாப்பிட்டு ஈடுகட்டினேன். காபியைக் குறைக்க வேண்டியதானது, டிகிரி காபியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ரத்த அழுத்தமும் நாடியும் டாக்டர் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார், பார்க்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. என் கோபம் வேறு இடத்தில்.

இந்த மாத்திரையை வாங்க வேண்டும் இல்லையா, அதுதான். மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. அதை விற்கக் கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், டாக்டர் சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். நகலும் பதிவேடும் என் பிழைப்பே, அதனால் சட்டத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கதவைத் திறந்துபோட முடியாது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு இரண்டு பேர் கேட்கும் மாத்திரைக்காகத் தனி லைசென்ஸ், தனி அலமாரி, தனிப் பதிவேடு என்று எந்த மெடிக்கல்காரர் மெனக்கெடுவார்? எங்கள் ஊரில் நான் கேட்ட கடைகளில் எல்லாம் ஒரே பதில், ஒரு கடையில் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் இங்க கேக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஆகவே தஞ்சாவூர். அங்கே இல்லையென்றால் திருச்சி. போன் செய்து கேட்டால் சில கடைகளில் சொல்வதில்லை, நேரில் வாங்க சார் என்பார்கள். நேரில் போனால், "இந்தப் பவர் இல்ல சார், அடுத்த வாரம் வரும்." சீட்டில் எழுதிய பவர்தான் தருவார்கள், வேறு பவரை இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன் என்று பேரம் பேச முடியாது, மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவும் கூடாது. டாக்டர் ஒரு மாதத்துக்குத்தான் எழுதுவார். வீடியோவில் பார்த்து எழுதி வாங்கலாமே என்றால், 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இந்த வகை மருந்துகளுக்கு அதைத் தடை செய்கிறது. சென்னை டாக்டர் வீடியோவில் அடோமாக்செடின் எழுதலாம், இதை எழுதக் கூடாது. குறுவை நேரத்தில் யூரியா மூட்டைக்குக்கூட ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்தால் உள்ளூரிலேயே கிடைத்துவிடுகிறது.

என் மாதிரி ஆளுக்கு இதில் என்ன சிக்கல் என்றால், மாத்திரை தீரப்போகிறது என்பதை ஞாபகம் வைத்து, டாக்டர் தேதி வாங்கி, இரண்டு பிரதி கேட்டு வாங்கி, பஸ் ஏறி, கடை திறந்திருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவனுக்கு மாத்திரையே தேவைப்படாது! ஆடியில் பத்திரப்பதிவு மந்தமாக இருக்கும், அப்போதெல்லாம் ஸ்டாக் இருக்கும். ஆவணி பிறந்து முகூர்த்த நாள் வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் போட்டு, ஆபீசில் கூட்டம் நிற்கும்போது என் டப்பா காலியாக இருக்கும், தஞ்சாவூரிலும் காலியாக இருக்கும். இது எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து தமிழில் வீடியோ போடுகிறவர்கள் சொல்லும் ஆடரால் என்ற ஏடிஎச்டி மாத்திரை இங்கே விற்பனையில் இல்லை, அதைத் தேடி அலையாதீர்கள். வல்லாரை சிரப்பும் எனக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வல்லாரை துவையல் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சிந்தனை, நடத்தை சிகிச்சைக்குக் கொஞ்ச நாள் போனேன். அங்கே கற்றுக்கொண்டதில் ஒன்றே ஒன்று நிலைத்திருக்கிறது: ஒரு பத்திரம் மேசையில் இருக்கும்போது இன்னொன்றின் கட்டைப் பிரிப்பதில்லை. மாத்திரை கவனத்தைத் தரும், அந்தக் கவனத்தை எங்கே வைப்பது என்பதை அது சொல்லித்தராது, சில நாள் அருமையான கவனத்தோடு பழைய ரப்பர் ஸ்டாம்ப்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, எது தேவலை? மெத்தில்ஃபெனிடேட்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அடோமாக்செடின். போன மாதம் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கைவிரித்த பிறகு, டாக்டரிடம் நானே கேட்டு மாறிக்கொண்டேன். அரைகுறைப் பலன் என்றாலும் ஆபீசுக்கு எதிர்க் கடையில் கிடைக்கிறது.

உன் மகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாதுடா. அவள் சென்னையில் இருக்கிறாள், டாக்டரும் கடையும் பக்கத்திலேயே இருக்கும். டாக்டர் எதை எழுதுகிறாரோ அதிலேயே ஆரம்பிக்கட்டும். அடோமாக்செடின் என்றால் முதல் சில வாரம் அவள் மனநிலையைக் கவனித்துக்கொண்டே இரு, இளவயதுக்காரர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை உண்டு, தினமும் போன் பண்ணு. மெத்தில்ஃபெனிடேட் என்றால் லீவுக்குப் பட்டுக்கோட்டை வரும்போது லீவு முடியும் வரைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று எண்ணிப்பார்த்து பஸ் ஏறச் சொல், சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும். ஹாஸ்டலில் யாராவது பரீட்சைக்கு ஒன்று கொடு என்று கேட்டால் தரவே கூடாது.

என் டாக்டரை அடுத்த வாரம் பார்க்கிறேன். தை முகூர்த்தம் வருகிறது, மறுபடி அந்தப் பழைய மாத்திரையையே எழுதச் சொல்லிக் கேட்டாலும் கேட்பேன்.