மடிக்கேரி ‘சன்னி சைடு’: டாங்கியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள்

குடகுக்குப் போகிறவர்கள் ராஜா சீட், அப்பி அருவி, துபாரே யானை முகாம், கடைசியாகக் காபித்தூள் என்று முடித்துக்கொள்வார்கள். கோவையிலிருந்து நாங்கள் பிடித்துப் போன வேன் டிரைவரிடமும் அதே பட்டியல்தான். “மியூசியத்துல என்ன சார் இருக்கு, அரை மணி நேரம் போதும்” என்றார். நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். முன்னாள் தரைப்படைத் தளபதி ஜெனரல் திம்மய்யாவின் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்ப எனக்கு மனசு வருமா?

1906-ல் மடிக்கேரியில் பிறந்த திம்மய்யாவின் குடும்ப வீடுதான் இந்த ‘சன்னி சைடு’. இடையில் ஆர்டிஓ ஆபீஸாக இருந்தது. அதை நினைவகமாக்கி, 2021 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. சின்ன வயதில் குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளியில் படித்தவர் அவர்.

வெளியே நிற்கும் டாங்கியிடம்தான் கூட்டம். எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், பிள்ளைகள் பீரங்கிக் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தப்பில்லை. 1948 காஷ்மீர் போரில் சோஜி லா மலைக்கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிக் காட்டியவரின் வீட்டில் டாங்கி நிற்பது பொருத்தம்தான். ஆனால் அவர் செய்த கஷ்டமான வேலை துப்பாக்கியைச் சுடாமல் செய்த வேலை என்பேன்.

கொரியாவைச் சொல்கிறேன். 1953-ல் கொரியப் போரில் சண்டை நின்றபோது, சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்று நின்ற கைதிகள் ஐ.நா. தரப்பின் பிடியில் 22,000-க்கும் மேல். எதிர்த்தரப்பான வட கொரியா, சீனாவின் பிடியில் 359 பேர். இவர்களை என்ன செய்வதென்று பார்க்க ஐந்து நாட்டு ஆணையம் போட்டார்கள், தலைவர் திம்மய்யா. ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒரு பக்கம், போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மறுபக்கம், நடுவில் இந்தியா. எந்த முடிவெடுத்தாலும் பழி இந்தியர் தலையில். கைதிகளைக் காவல் காக்கப் போன நம் ஆட்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ சொல்லிவிட்டதால், இஞ்சான் துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டரில்தான் படையை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாமுக்குள் கைதிகள் ஒருமுறை நம் மேஜர் ஒருவரையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். காவல் படைத் தலைவர் ஜெனரல் தொராட் உள்ளே போய், பேசியே மீட்டு வந்தார். 1954 தொடக்கத்தில் எல்லாம் முடிந்தபோது, எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் இந்தியாவுக்கே கப்பலேறினார்கள்.

நானும் தெற்கு லெபனானில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத்தொப்பி போட்டவன். கையில் ஆயுதம் இருக்கும், தன்னைக் காத்துக்கொள்ள அல்லாமல் சுட முடியாது, இரண்டு பக்கமும் திட்டுவார்கள். அதனால்தான் உள்ளே இருக்கும் கொரியாப் படங்களின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் வந்த குடும்பம் இரண்டு தடவை “கொஞ்சம் நகருங்க சார்” என்றது.

தரைப்படைத் தளபதியாக இருந்து 1961-ல் ஓய்வு பெற்ற மனிதர், காபித் தோட்டம், வேட்டை என்று இருந்திருக்கலாம். 1964-ல் ஐ.நா. கூப்பிட்டதும் சைப்ரஸ் அமைதிப்படைக்குத் தளபதியாகக் கிளம்பிவிட்டார். கிரேக்கர்களும் துருக்கியர்களும் அடித்துக்கொண்டிருந்த தீவு. அங்கேயே 1965 டிசம்பர் 18 அன்று, பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அடுத்த வருஷம் சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. லார்நாக்காவில் ஒரு பெரிய சாலைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். இங்கே வந்த எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால், எங்கள் வேனில் ஒருத்தருக்கும் தெரியாது.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டாங்கியும் துப்பாக்கிகளும் போதும், மற்றது போரடிக்கும். பெரியவர்கள் கொரியா, சைப்ரஸ் விஷயத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால், வெறும் போட்டோக்களாகத் தெரிபவை பேச ஆரம்பிக்கும். ஊருக்குள்ளேயே இருப்பதால் அலைச்சல் இல்லை. ஐந்துக்கு நாலரை தருவேன். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும் என்று டிரைவரிடம் வண்டி ஏறும்போதே பேசிவிடுங்கள். காபித்தூள் கடை எங்கேயும் ஓடிப்போகாது.