பார்க்கர்வில்லுக்குச் சுமை கொண்டுபோனது எது: கோவேறு கழுதையா, ஒட்டகமா, மாட்டு வண்டியா?

1862 ஆகஸ்டில் பில்லி பார்க்கர் இன்றைய கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் காரிபூ மலைப்பகுதியில் தங்கம் கண்டார். அவர் பெயரில் எழுந்த பார்க்கர்வில்லுக்கு மாவு முதல் ஆணி வரை கீழிருந்து மலையேறித்தான் வரவேண்டும். ஏற்றிவந்த விலங்குகளை எடைபோட நான் முதலில் பார்ப்பது கால்களைத்தான். கொல்லரால் செப்பனிட முடிந்த கால்தான் மலையில் நிலைத்தது.

சாலை வருமுன் கோவேறு கழுதைக்கு நிகரில்லை. ஒன்று ஏறக்குறைய 300 பவுண்டு சுமக்கும். கண்ணைத் துணியால் மறைத்து, புல் திணித்த தோல் மெத்தையை முதுகில் இறுக்கி, இருபுறமும் எடை பார்த்துக் கட்டுவார்கள். பாரம் சாய்ந்தால் முதுகு புண்ணாகிவிடும். முன்னே மணி கட்டிய பெண்குதிரை நடக்கும். அந்த ஓசையை விட்டு மந்தை விலகாது. லாடம் தேய்ந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். கேட்டலைன் என்ற சுமைக்காரர் இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகள் நின்று பேர் வாங்கினார்.

அதே 1862-இல் பிராங்க் லாமைஸ்டரும் கூட்டாளிகளும் 23 இரட்டைத் திமில் ஒட்டகங்களை இறக்கினார்கள். ஒரு ஒட்டகம் இரண்டு கோவேறு கழுதைகளின் சுமையைத் தூக்கும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை, பாதத்தில்தான் பிழை. மென்மையான பாதங்களைக் கூர்ப்பாறைகள் கிழித்தன. அதில் லாடம் அடிக்க வழியில்லை. தோலிலும் கித்தானிலும் காலுறை தைத்துப் போட்டும் பயனில்லை. ஒட்டக வாடை பட்டதுமே கழுதைகள் மிரண்டு சுமையோடு ஓடின. முயற்சி விரைவிலேயே கைவிடப்பட்டது. பாவம், பாலையும் புல்வெளியும் பழகிய விலங்குகள்.

1865-இல் 18 அடி அகல வண்டிச்சாலை ஊரை எட்டியதும் நிலைமை மாறியது. மாடுகள் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வழியோரப் புல்லை மேய்ந்தே பிழைக்கும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு லாடம். சக்கரம்தான் தொல்லை. வறண்ட காற்றில் மரம் சுருங்கி இரும்புப் பட்டா தளரும். கொல்லர் அதைக் கழற்றி, சிறிது வெட்டி ஒட்டி, சிவக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். புகையோடு இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஒற்றையடிப் பாதை என்றால் என் தேர்வு கழுதை; சாலை இருந்தால் மாட்டு வண்டியேதான்.

1868 செப்டம்பர் 16-இல் பார்க்கர்வில் எரிந்து சாம்பலானது. மீண்டும் கட்ட மரம் அங்கேயே கிடைக்கும். அடுப்பும் கண்ணாடியும் கிடைக்காது. சாலை மட்டும் இல்லாதிருந்தால் பனி விழுமுன் அந்த ஊர் மீண்டும் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.