வயதை ஏற்றுவதா, வரம்பை எடுப்பதா?

அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய நிதிக் கையிருப்பு 2033-இல் காலியாகிவிடும், அப்புறம் வருகிற வரியை வைத்து, தர வேண்டிய ஓய்வூதியத்தில் 77% தான் கொடுக்க முடியும் என்று அதன் அறங்காவலர்கள் 2025-இல் சொன்னார்கள். அதிகம் அடிபடுகிற யோசனைகள் இரண்டு: முழு ஓய்வூதியம் கிடைக்கும் வயதை ஏற்றுவது, அல்லது இந்த நிதிக்கான வரி பிடிக்கும் சம்பள வரம்பை எடுப்பது.

யார் தலையில் விழும்?
வயதை 67-லிருந்து 69 ஆக்கினால்: 62 வயதிலேயே வாங்கத் தொடங்குபவருக்கு இன்று முழு ஓய்வூதியம் 1,000 டாலர் என்றால் 700 கிடைக்கிறது. இதே கணக்கை நீட்டினால் 600 தான். கூரை வேய்கிறவரின் முதுகு 69 வரை தாங்குமா என்ன? வயதை ஏற்றுவது என்று நாசூக்காகச் சொன்னாலும் இது வெட்டுதான்.
வரம்பை எடுத்தால்: 2025-இல் சம்பளத்தில் முதல் 1,76,100 டாலருக்குத்தான் 6.2% பிடித்தம். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வாங்குபவருக்கு மார்ச் தொடக்கத்திலேயே பிடித்தம் முடிந்துவிடும். 40,000 வாங்கும் கடை ஊழியருக்கு டிசம்பர் வரை போகும்.

பணம் எப்போது வரும்?
வயது: ரொம்ப மெதுவாக. 1983-இல் அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்ட 67 வயது மாற்றமே 2027-இல்தான் முழுதாக முடிகிறது.
வரம்பு: முதல் ஆண்டிலிருந்தே. ஆனாலும் பற்றாக்குறை மொத்தமும் அடைபடாது.

அரசியலில் எது சுலபம்? இரண்டுமே இல்லை.

பல பத்தாண்டுகளில் செலவைக் குறைப்பதுதான் குறி என்றால் வயது சரி. 2033-க்குள் கைக்குப் பணம் வேண்டும், உடலுழைப்பாளியும் தப்பிக்க வேண்டும் என்றால் வரம்புதான். என் ஓட்டு அதற்கே.