டிராகன் குவெஸ்ட் 11: பல ஆண்டுகள் ஆடிய பின் ஒரு மதிப்பீடு

பாத்திரங்களை வளர்த்து, முறைவைத்துச் சண்டையிடும் ரோல்-பிளேயிங் வகை வீடியோ விளையாட்டான டிராகன் குவெஸ்ட் 11 ஜப்பானில் 2017 ஜூலை 29 அன்று பிளேஸ்டேஷன் 4, நிண்டெண்டோ 3டிஎஸ் ஆகிய கருவிகளுக்கு வெளிவந்தது. மற்ற நாடுகளுக்கு அது 2018 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. நான் அதை முதலில் பிளேஸ்டேஷனிலும், பின்னர் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 2019இல் வந்த விரிவாக்கப் பதிப்பிலும் முழுமையாக ஆடி முடித்தேன். அதன் பிறகும் இடையிடையே எடுத்து ஆடுவது தொடர்கிறது. ஆடியவர்களிடம் கேட்டால் கருத்துகள் இரு துருவங்களாகப் பிரிந்து நிற்கும். இந்த வகை விளையாட்டுகளில் இதற்கு மேல் ஒன்று வந்ததில்லை என்பார்கள் ஒரு சாரார். எந்தச் சவாலும் இல்லாத, பொத்தானை அழுத்திக்கொண்டே தூங்கிப்போகக்கூடிய விளையாட்டு என்பார்கள் மற்றொரு சாரார். இரு தரப்பினரும் பொய் சொல்லவில்லை. புதிய ஆட்டம் தொடங்கும்போது முதல் மெனுவில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அவர்கள் ஏறத்தாழ இருவேறு விளையாட்டுகளையே ஆடியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

இந்தத் தொடரின் முதல் பாகம் 1986 மே 27 அன்று நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வெளிவந்தது. கதையும் வடிவமைப்பும் யூஜி ஹோரி, பாத்திரங்களின் ஓவியம் அகிரா டோரியாமா, இசை கோய்ச்சி சுகியாமா என்ற அந்த மூவர் கூட்டணி பதினோராம் பாகம் வரை மாறவில்லை. சுகியாமா 2021 செப்டம்பரிலும் டோரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள். ஆகவே மூவரும் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த கடைசி எண்ணிட்ட பாகம் இதுதான். தொடரின் வழக்கங்களை இது கைவிடாததற்கும் இந்தத் தொடர்ச்சியே காரணம் எனலாம். சண்டையில் தாக்கு, மந்திரம், திறன், தற்காப்பு, பொருள் என்ற பழைய பட்டியலே இன்றும் திரையில் தோன்றுகிறது. ஊருக்குள் நுழைந்தால் தேவாலயத்தில் சேமிக்கலாம், விடுதியில் உறங்கி எழலாம். நீல நிறத் துளி போன்ற ஸ்லைம் என்ற அரக்கன்தான் இதிலும் முதல் எதிரிகளில் ஒன்று.

பழைமை என்று சொன்னாலும் சண்டையின் நடைமுறையில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. முந்தைய பாகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சுற்றின் தொடக்கத்திலேயே சண்டையிடும் தோழர்கள் எல்லோருக்கும் கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று காத்திருக்க வேண்டும். இங்கே முப்பரிமாண வடிவத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் முறை வரும்போதுதான் அதற்குரிய கட்டளையைக் கொடுக்கிறோம். சண்டைக்கு வெளியே நிற்கும் தோழரை நடுச்சண்டையிலேயே உள்ளே அழைத்துக்கொள்ளவும் முடியும். எதிரி அடித்த பிறகு, மிஞ்சிய உயிர்ப்புள்ளியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதால், யாரைக் காப்பாற்றுவது, எதைத் துணிவது என்ற கணக்கு ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். சண்டையின்போது பாத்திரத்தைக் களத்தில் நடக்கவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் எங்கே நின்றாலும் அடி ஒரே மாதிரிதான் விழும். வெறும் அலங்காரத்துக்காக வைத்த ஒன்று அது. அதை முதல் நாளிலேயே அணைத்துவிடுவது நல்லது.

இனி, எளிது என்ற குற்றச்சாட்டு. இயல்பான அமைப்பில் தோழர்கள் அனைவரும் தம் போக்கில் சண்டையிடுவார்கள். அவர்களுக்கு நாம் தந்திரக் குறிப்பு மட்டுமே கொடுப்போம். அவர்களை இயக்கும் கணினி நிரலின் கணிப்பு பலரும் நினைப்பதைவிடக் கூர்மையானது. அடுத்த அடியில் யார் விழுவார் என்பதைச் சரியாக ஊகித்துக் குணப்படுத்தும் மந்திரத்தை முன்கூட்டியே போட்டுவிடும். இதனால் முதல் இருபது, முப்பது மணி நேரம் நாம் செய்யவேண்டியது மிகக் குறைவு. வழியில் தென்படும் அரக்கர்களை ஒதுக்கிவிட்டு நடந்தாலும் பாஸ் எனப்படும் பெரிய தலைமை எதிரிகளை வென்றுவிடலாம். அப்படி ஆடியவர் சலிப்படைந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மருந்து அந்தத் தொடக்க மெனுவிலேயே இருக்கிறது. கடும் விதிகள் என்று சொல்லத்தக்க சில கட்டுப்பாடுகளை அங்கே தேர்ந்தெடுக்கலாம். எல்லா எதிரிகளும் மிக வலிமை பெறுவது, கடையில் எதையும் வாங்க முடியாதது, கவசம் அணிய முடியாதது, பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளி எளிய எதிரிகளிடமிருந்து கிடைக்காதது போன்றவை அவற்றுள் சில. நாயகன் கூச்சத்தால் திடீரென்று முகம் சிவந்து தன் முறையை வீணாக்கும் விதி ஒன்றும் உண்டு. முதல் முறை சிரிப்பு வரும், பத்தாவது முறை எரிச்சல்தான் வரும். இவற்றில் எதையும் பிற்பாடு அணைக்கலாம், ஆனால் அணைத்ததை அந்த ஆட்டத்தில் மீண்டும் இயக்க முடியாது. முதல்முறை ஆடுபவர் இந்தத் திரையைப் படிக்காமல் கடந்துவிடுவதே வழக்கம் என்பதுதான் சிக்கல். வலிய எதிரிகள் என்ற விதியை மட்டும் இயக்கி, தோழர்கள் அனைவரையும் கட்டளைப்படி நடக்கும் நிலைக்கு மாற்றிவிட்டு ஆடத் தொடங்கினால், அதே சண்டைகள் முற்றிலும் வேறு முகம் காட்டுகின்றன. புதியவர் எவருக்கும் நான் இந்த ஒரு விதியைத்தான் பரிந்துரைப்பேன். கடையையும் கவசத்தையும் விலக்குவது, ஏற்கெனவே முடித்தவர்களின் பொழுதுபோக்கு.

அந்த வேறுபாட்டைத் தோழர்களில் ஒருவனான எரிக் என்ற திருடனை வைத்து விளக்கலாம். இயல்பான அமைப்பில் அவன் பூமராங்கை வீசிக் கூட்டமாக வரும் எதிரிகளை அடிப்பவன், அவ்வளவுதான். வலிய எதிரிகள் முன்னால் அந்த அடி போதாது. அப்போதுதான் நாம் அறுகோணக் கட்டங்களால் ஆன திறன் பலகையில் அவனுடைய குத்துவாள் பகுதியைத் திறந்து பார்க்கிறோம். எதிரிக்கு நஞ்சேற்றும் திறன் ஒன்று அங்கே இருக்கிறது. நஞ்சேறிய எதிரியைப் பல மடங்கு வலிமையோடு தாக்கும் திறன் அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. தன் உருவத்தையே பிரதியெடுத்து ஒன்றாகத் தாக்க வைக்கும் திறன் இன்னொரு மூலையில் இருக்கிறது. ஒருவர் எரிக்கின் தாக்கும் வலுவை மந்திரத்தால் கூட்ட, இன்னொருவர் எதிரியின் தற்காப்பைக் குறைக்க, எரிக் முதல் முறையில் நஞ்சேற்றி, அடுத்த முறையில் பிரதியெடுத்து, மூன்றாம் முறையில் அந்தக் குத்தை இறக்கினால், அதுவரை அசையாமல் நின்ற பாஸின் உயிர்ப்புள்ளி சட்டென்று சரிகிறது. நஞ்சு ஏறாமல் போகலாம். பிரதியெடுத்து நிற்கும் நேரத்தில் எரிக்கே அடிபட்டு விழலாம். அதற்குள் மற்ற மூவரும் உயிரோடு இருக்க வேண்டும். இந்தத் திட்டம் கைகூடும் சண்டைகளுக்காகத்தான் நான் இன்னும் இதற்குத் திரும்பி வருகிறேன். திறன் புள்ளிகளைச் சிறிது பொற்காசு கட்டித் திரும்பப் பெற்று வேறு கட்டங்களில் செலவிடலாம் என்பதால், ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் ஆளை மாற்றியமைத்துப் பார்ப்பதற்குத் தடையும் இல்லை.

மெட்டல் ஸ்லைம் வேட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சில உயிர்ப்புள்ளிகளே கொண்ட, ஆனால் அடித்தால் ஒன்று குறையும் அல்லது குறையவே குறையாத அந்த உலோக ஜந்து, ஓடிப்போவதற்குள் வீழ்ந்தால் அனுபவப் புள்ளியை அள்ளித் தரும். தொடரின் ரசிகர்களுக்கு அது தனி போதை. மற்றவர்களுக்கு அது வீண்வேலையாகத் தோன்றலாம்.

ஆயுதம் செய்யும் கையடக்க உலைக்களம் எதிர்பாராத அளவுக்கு நேரத்தை விழுங்கும். இரும்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பச்சை எல்லை உண்டு. சம்மட்டி அடிகளால் அந்த எல்லைக்குள் அளவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அடிக்க அடிக்க வெப்பம் தணியும், வெப்பம் தணியத் தணிய அடியின் வலுவும் குறையும். எனவே பெரிய அடிகளை முதலிலும் நுண்ணிய அடிகளைப் பின்னாலும் வைத்துக்கொள்வது ஒருவகைக் கணக்கு. கச்சிதமாக முடித்தால் ஆயுதம் மூன்று படிவரை மேம்படுகிறது. முதல் பதிப்பில் முகாமிட்ட இடத்தில் மட்டுமே இது சாத்தியம். விரிவாக்கப் பதிப்பில் எங்கிருந்தும் திறக்கலாம். கடை விலக்கப்பட்ட ஆட்டத்தில் இந்த உலைக்களமே பிழைக்கும் வழியாகிவிடுகிறது.

கதையைப் பற்றிய கருத்துகளில், தேய்ந்த வழக்கம் என்ற சொல்தான் அதிகம் அடிபடுகிறது. கிராமத்தில் வளர்ந்த இளைஞன், தான் பிறவியிலேயே நாயகன் என்று அறிந்து அரசனைக் காணச் செல்கிறான். அரசனோ அவனைத் தீமையின் வித்து என்று சொல்லிச் சிறையில் தள்ளுகிறான். கதையின் எலும்புக்கூடு பழையதுதான், மறுக்க முடியாது. ஆனால் இந்த விளையாட்டின் உயிர் ஊர்களில் இருக்கிறது. ஆங்கில வடிவத்தில் ஹாட்டோ ஊர்மக்கள் ஹைக்கூவிலேயே பேசுகிறார்கள். கோண்டோலியாவில் இத்தாலிய உச்சரிப்புக் கேட்கிறது. ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு சிறுகதையை வைத்திருக்கிறது. லோனலூலு பகுதியில் வரும் கடல்கன்னியின் கதை எனக்கு நெடுநாள் மறக்கவில்லை. அவள் ஒரு மனிதனுக்காகப் பாறையில் காத்திருக்கிறாள். ஊருக்குப் போய் விசாரித்தால், அவன் எப்போதோ இறந்துவிட்டான், கல்லறைதான் மிச்சம் என்று தெரிகிறது. திரும்பி வந்து அவளிடம் உண்மையைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சொன்னால் அவள் கரையேறி வந்து அந்தக் கல்லறைக்கு முத்தமிட்டுவிட்டுக் கடலில் நுரையாகக் கரைந்துபோகிறாள். சொல்லாவிட்டால் அவள் காத்திருப்பதைத் தொடர்கிறாள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெருங்கதை மேலே நகரும். நமக்குப் பரிசோ தண்டனையோ இல்லை. பதில் பெட்டியில் ஆம், இல்லை என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு இவ்வளவு கனத்தை ஏற்ற முடியும் என்பதை இங்கேதான் பார்த்தேன்.

நாயகன் வாய் திறப்பதில்லை என்பது பலருக்குப் பெரும் குறை. வீடே எரிந்து கிடக்கும்போதும் அவன் முகத்தில் ஓர் உணர்வும் தெரிவதில்லை என்ற புகார் நியாயமானது. மற்றவர்கள் குரல் கொடுத்துப் பேசும் காட்சிகளில் அவன் மட்டும் தலையாட்டிக்கொண்டு நிற்பது, பழைய சிறு திரைகளில் உறுத்தாத அளவுக்கு இங்கே உறுத்துகிறது. அந்த வெற்றிடத்தைக் கூத்தாடியான சில்வாண்டோ நிரப்பிவிடுகிறான். முதலில் கேலிப் பாத்திரம் போல வரும் அவன், உலகம் இருளில் மூழ்கும்போது சோர்ந்துபோன மக்களைச் சேர்த்து ஊர்வலம் நடத்துகிறான். ஆடி முடித்தவர்களிடம் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் அவன் பெயர்தான் முதலில் வரும் என்பதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்த பத்தி கதையின் பிற்பகுதியை வெளிப்படுத்துகிறது. ஆடாதவர்கள் அதைத் தாண்டிச் செல்லலாம்.

கதையின் இரண்டாம் பகுதியில் உலகம் அழிந்து, தோழர்கள் சிதறிப்போகிறார்கள். தோழர்களில் ஒருத்தியான வெரோனிகா மற்றவர்களைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்துவிட்டாள் என்பது தாமதமாகத்தான் நமக்குத் தெரிகிறது. அவள் சகோதரி செரினா தன் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டு, வெரோனிகாவின் மந்திரங்களைத் தானே ஏற்கிறாள். திறன் பட்டியலைத் திறந்தால் இறந்தவளின் மந்திரங்கள் இவளிடம் இருக்கும். வசனம் எதுவும் சொல்லாததை அந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. இறுதி எதிரி வீழ்ந்து பெயர்ப்பட்டியலும் ஓடி முடிந்த பிறகு மூன்றாம் பகுதி தொடங்குகிறது. நாயகன் காலத்தில் பின்சென்று எல்லாவற்றையும் மாற்றுகிறான், வெரோனிகா பிழைக்கிறாள். பெற்ற துயரத்தையும் அதனால் வந்த வளர்ச்சியையும் இது அழித்துவிட்டது என்று கோபப்படுவோர் ஏராளம். அவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். சண்டைகளைப் பொறுத்தவரை மூன்றாம் பகுதிதான் மிகச் சிறந்தது, கடினமான எதிரிகளும் உச்சத் திறன்களும் அங்கேதான் உள்ளன. ஆனால் கதையாகப் பார்த்தால் இரண்டாம் பகுதியின் முடிவே எனக்கு முடிவு.

முதல் பதிப்பின் இசை செயற்கையாக ஒலிக்கிறது என்ற குறை, விரிவாக்கப் பதிப்பில் வாத்தியக் குழுவின் ஒலிப்பதிவு வந்ததும் பெருமளவு தீர்ந்தது. இருப்பினும் வெளிக்களத்தில் நடக்கும்போது ஒலிக்கும் அதே இசைத்துண்டு நூறு மணி நேரத்தில் எவரையும் சோதிக்கும். சண்டையின் வேகத்தைக் கூட்டும் வசதி, ஜப்பானியக் குரல்கள், தோழர்கள் ஒவ்வொருவருக்குமான தனிக் கதைகள் ஆகியவையும் விரிவாக்கப் பதிப்பில் சேர்ந்துள்ளன. 2020 டிசம்பரில் கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்சுக்கும் வந்த விரிவாக்கப் பதிப்பு, ஸ்விட்சுக்காகச் சுருக்கப்பட்ட வடிவத்தைத் தழுவியதே. அதனால் புல்வெளியும் நிழலும் பழைய பிளேஸ்டேஷன் பதிப்பைவிடச் சற்று மங்கலாகத் தெரிகின்றன என்று நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் சொல்வது உண்மை. எனினும் வேகக் கட்டுப்பாடு ஒன்றுக்காகவே இந்தப் பதிப்பைத்தான் வாங்கச் சொல்வேன்.

அதே பதிப்பில் முழுக் கதையையும் பழைய இருபரிமாண வடிவில் ஆடும் வழியும் இருக்கிறது. அங்கே அரக்கர்கள் கண்ணில் படாமல் திடீரென்று வந்து மோதுவார்கள். நால்வருக்குமான கட்டளைகளைச் சுற்றின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் லெவலும் பொருள்களும் தொடர்ந்து வரும், ஆனால் கதை அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் பின்வாங்கிவிடும். எனவே நினைத்தபோதெல்லாம் மாறி மாறி ஆடலாம் என்ற எண்ணத்தில் இதைத் தொடங்க வேண்டாம். இரண்டாம் முறை ஆடுபவர், வலிய எதிரிகள் விதியையும் இயக்கி, முழுவதையும் இருபரிமாணத்திலேயே ஆடிப் பார்க்கலாம். உரையாடல்கள் விரைவாக நகர்வதால் கதைக்குச் செலவாகும் நேரம் கணிசமாகக் குறைகிறது. எதிரி என்ன செய்வான் என்று ஊகித்து நான்கு கட்டளைகளையும் முன்கூட்டியே அடுக்க வேண்டியிருப்பதால், முப்பரிமாணத்தில் எளிதாகக் கடந்த பாஸ்கள் சிலர் இங்கே இரண்டு, மூன்று முறை நம்மை வீழ்த்தவும் செய்வார்கள்.