ஜாவாவின் ஜிசி: பல வருடம் பழகிய பிறகு

ஜாவா 6 காலத்திலிருந்து சர்வர் நிரல்கள் எழுதி வருகிறேன். நிரல் தன் தரவுகளை வைக்கும் நினைவகப் பகுதியான ஹீப்பைத் தானே துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டரை, அதாவது ஜிசியை, நான் முழுமனதாக நம்புகிறேன். சி பிளஸ் பிளஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது, ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிப்பது போன்ற பிழைகளை ஜாவாவில் நான் தேட வேண்டியே வந்ததில்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹீப்பில் இருக்கும் ஒரு ஆப்ஜெக்ட் (நிரல் உருவாக்கிய தரவுப் பொருள்) நமக்கு இனி தேவையா என்று ஜிசிக்குத் தெரியாது. ஓடும் திரெட்களின் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளின்) நடப்பு மாறிகள் இருக்கும் ஸ்டாக், நிரல் முழுக்கப் பொதுவான ஸ்டாட்டிக் மாறிகள் போன்ற வேர்களிலிருந்து புறப்பட்டு, எதையெல்லாம் எட்ட முடிகிறதோ அதையெல்லாம் வைத்துக்கொள்ளும். எட்ட முடியாததன் இடத்தை மட்டும் மீட்கும். வேகமாக எடுக்கலாம் என்று ஸ்டாட்டிக் மேப்பில் கேஷாகப் போட்டுவிட்டு யாரும் நீக்காத பதிவுகள், நிகழ்வுகளைக் கவனிக்கப் பதிவு செய்த பிறகு கழற்றாத லிசனர்கள், திரும்பத் திரும்பப் பயன்படும் திரெட்களின் தொகுப்பான திரெட் பூலில் தங்கிவிடும் திரெட்லோக்கல் (அந்தந்தத் திரெட்டுக்கே உரிய) மதிப்புகள்: நான் பார்த்த மெமரி லீக்குகளில் (தேவையில்லாத நினைவகம் மீளாமல் தேங்குவதில்) பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. ஹீப் பயன்பாட்டு வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். உச்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஏறுவது இயல்பு. முழு ஜிசிக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் உயர்ந்தால் லீக் இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஹீப் டம்ப், அதாவது ஹீப்பின் நகல், எடுத்து எக்ளிப்ஸ் மேட் என்ற ஆய்வுக் கருவியில் திறந்தால், எந்த ஆப்ஜெக்ட் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எந்த வேர் அதை விடாமல் வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜிசி வேலை செய்யும்போது நிரல் நின்றுபோகும் தொல்லை முன்பு நிஜமாகவே இருந்தது. ஜாவா 8 வரை சர்வர்களில் இயல்பாக இருந்த ஜிசி வகையான பேரலல் ஜிசி, பெரிய ஹீப்பில் முழு சுத்தம் செய்யும்போது பல வினாடிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஜாவா 9 முதல் ஜி1 என்ற வகை இயல்பானது. அது ஒரு நிறுத்தத்துக்கு 200 மில்லிவினாடியை இலக்காக வைத்து வேலை செய்கிறது. இலக்குதான், உத்தரவாதம் இல்லை. ஜாவா 15இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த இசட்ஜிசி, பெரும்பாலான வேலையை நிரல் ஓடும்போதே முடிப்பதால் நிறுத்தம் மிகச் சிறிது. அதற்கு விலையாகக் கொஞ்சம் சிபியுவும் கூடுதல் ஹீப் இடமும் கேட்கும். பதில் தாமதமாகவே கூடாத சேவைகளுக்கு அது, மற்றதற்கெல்லாம் ஜி1 என்பது என் தேர்வு. இணையத்தில் கிடைக்கும் நீளமான ஜிசி அமைப்புகளை அப்படியே ஒட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. ஹீப்பின் உச்ச அளவைச் சரியாக வைத்தாலே பெரும்பாலும் போதும்.

கோப்பு, டேட்டாபேஸ் இணைப்பு போன்றவற்றை ஜிசியிடம் விடாதீர்கள். ஆப்ஜெக்டை மீட்கும் முன் ஜிசி அழைக்கும் ஃபைனலைஸ் எப்போது ஓடும், ஓடுமா என்பதே நிச்சயமில்லை. ஜாவா 9இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஜாவா 7இல் வந்த, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் இதற்குப் போதுமானது.

நினைவகம் தீர்ந்தால் தானாக ஹீப் டம்ப் எழுதும் அமைப்பை எல்லா சர்வரிலும் போட்டு வையுங்கள். டம்ப் கோப்பு ஹீப் அளவுக்கே பெரிதாகும் என்பதால் டிஸ்க்கில் இடம் வேண்டும். அதில் பயனர்களின் தகவல்களும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கலாம், எனவே யார் கைக்குப் போகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள்.